சோக் ஓம்ஸ் சரியாகக் காட்டுகிறது, ஆனால் கொதிக்கிறது (பிசி-348 பவர் சப்ளை)

கோவை ரங்கா:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு பிசி-348 ரிசீவர் கைக்கு வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17, பி-29 விமானங்களில் இருந்த ரகம். 28 வோல்ட் டைனமோட்டரை (விமான பேட்டரியிலிருந்து உயர் வோல்டேஜ் எடுக்கும் சுழல் கருவி) எப்போதோ கழற்றிவிட்டு, முன்பு வைத்திருந்த ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரர்) ஒருவர் தனிப் பெட்டியில் மெயின்ஸ் பவர் சப்ளை கட்டியிருக்கிறார். வயரிங் எல்லாம் நூல் கட்டி அழகாக இருக்கிறது. 250-0-250 டிரான்ஸ்ஃபார்மர், 5ஒய்3ஜிடி ரெக்டிஃபையர் (ஏசியை டிசி ஆக்கும் வால்வு), 8 எம்எஃப்டி (மைக்ரோ ஃபாரட்) கண்டென்சர், சோக் (இரும்புக் கோரில் சுற்றிய கம்பிச்சுருள், டிசியில் மிஞ்சும் அலையை வடிகட்டுவது), 16 எம்எஃப்டி. சோக்கின் மேல் 10 ஹென்றி, 80 மில்லி ஆம்ப் என்று அச்சடித்திருக்கிறது.

பிரச்சினை இதுதான். போட்டவுடன் அருமையாக வேலை செய்கிறது. கால் மணி நேரம் ஓடியதும் மெதுவாக ஹம் (மெயின்ஸ் இரைச்சல்) ஏறுகிறது, சிக்னல் சோர்ந்து போகிறது. சோக்கில் கை வைக்க முடியவில்லை. தார் உருகுகிற மாதிரி ஒரு வாசனை.

குளிர்ந்த நிலையில் ரெக்டிஃபையர் பக்கம் 276 வோல்ட், சோக் தாண்டி 252. சூடான பிறகு 256, 218.

இரண்டு கண்டென்சரையும் புதிதாகப் போட்டாயிற்று. 5ஒய்3-யையும் மாற்றிப் பார்த்தாயிற்று. சோக்கைக் கழற்றி மீட்டரில் பார்த்தால் 350 ஓம்ஸ், அசையாமல் நிற்கிறது. முனைக்கும் பாடிக்கும் இடையில் மீட்டர் ஓப்பன் என்றுதான் காட்டுகிறது. அப்படியென்றால் சோக் நல்லதுதானே? ரிசீவருக்குள்தான் ஏதோ இழுக்கிறதா? எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

சீரியல் பல்பு:

ரங்கா, இவ்வளவு யோசிக்க வேண்டாம். சோக்கைத் தூக்கிவிட்டு 350 ஓம் 10 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். 16 எம்எஃப்டி இருக்கும் இடத்தில் 220 எம்எஃப்டி 450 வோல்ட் போட்டுவிட்டால் ஹம் போயிற்று. அந்தக் காலத்தில் கண்டென்சர் பெரிதாகக் கிடைக்காது, அதனால் சோக் போட்டார்கள். இப்போது கிடைக்கிறது. நான் இரண்டு மர்ஃபி ரேடியோ செட்டுக்கு இப்படித்தான் செய்து கொடுத்தேன், பாடிக்கொண்டிருக்கின்றன.

மதுரை மெக்கானிக்:

ரங்கா தம்பி, கேள்வி கேட்டால் இப்படிக் கேட்க வேண்டும். நான்கு வோல்டேஜையும் எழுதிவிட்டீர்கள், பாதி வேலை முடிந்தது. "ரேடியோ இரையுது சார், என்ன பண்ணலாம்" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களே இங்கே அதிகம்.

உங்கள் எண்களைப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் சோக்கில் விழுவது 24 வோல்ட். 350-ஆல் வகுத்தால் 69 மில்லி ஆம்ப். பிசி-348-இன் டைனமோட்டர் கொடுத்ததும் 220 வோல்ட்டில் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே ஆரம்பத்தில் எல்லாம் சரி. சூடான பிறகு விழுவது 38 வோல்ட். இதை 350-ஆல் வகுக்காதீர்கள். செம்பு சூடாக ஆக அதன் ஓம்ஸும் ஏறும், பத்து டிகிரிக்குச் சுமார் நான்கு சதவீதம். கை வைக்க முடியாத சூட்டில் அந்தச் சோக் 400-க்குப் பக்கம் இருக்கும். செட்டை நன்றாகச் சூடாக்கி, சுவிட்சை அணைத்து, கண்டென்சரை டிஸ்சார்ஜ் செய்து, ஆறுவதற்குள் அளந்து பாருங்கள். 400 என்றே வைத்தால் சோக்கில் ஓடுவது 95 மில்லி ஆம்ப்.

சோக் தாண்டி வோல்டேஜ் குறைந்துவிட்டது. 252-இல் 69 இழுத்த ரிசீவர் 218-இல் 60-தான் இழுக்க வேண்டும். மீதி 35 எங்கே போகிறது? கேள்வி அதுதான்.

அதற்கு ஒரே வழி, சோக்கையும் 16 எம்எஃப்டியையும் தாண்டி, ரிசீவருக்குப் போகும் ஹெச்.டி. (உயர் வோல்டேஜ் டிசி) கம்பியை அறுத்து நடுவில் மில்லி அம்மீட்டரை வைப்பது. சூடான பிறகு அதில் 95 காட்டினால் குற்றவாளி ரிசீவருக்குள். அங்கே வால்வுகளின் ஸ்கிரீன் கிரிட்டிலிருந்து சேசிஸுக்குப் போகும் பைபாஸ் கண்டென்சர்களைத் தேடலாம். 60 காட்டினால் ரிசீவர் நிரபராதி, கசிவு பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அடுத்து 16 எம்எஃப்டியின் ஒரு காலைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். ஹம் பயங்கரமாக இருக்கும், இருக்கட்டும், உங்களுக்கு வேண்டியது கரண்ட் கணக்கு. அப்போதும் கசிவு நின்றபாடில்லை என்றால் மிச்சம் இருப்பது சோக் ஒன்றுதான்.

மீட்டர் ஓப்பன் காட்டுகிறதே என்று கேட்பீர்கள். உங்கள் மீட்டர் ஓம்ஸ் ரேஞ்சில் கொடுப்பது ஒன்றிரண்டு வோல்ட். அதுவும் சோக் குளிர்ந்து கிடக்கும்போது. வேலை செய்யும்போது அதே காகிதத்தின் குறுக்கே 250 வோல்ட் நிற்கிறது, கை வைக்க முடியாத சூட்டில். வைண்டிங் முழுக்கப் பாசிட்டிவில், கோர் சேசிஸோடு (பெட்டியின் உலோகச் சட்டம்) போல்ட் போட்டு நெகட்டிவில். நடுவில் இருப்பது எண்பது வருஷப் பழைய கிராஃப்ட் காகிதமும் மெழுகும். ஈரம் குடித்த காகிதம் சூட்டில் கசிய ஆரம்பிக்கும், கசிவு சூட்டைக் கூட்டும், சூடு கசிவைக் கூட்டும். உங்களுக்கு வருகிற தார் வாசனை அதுதான். பக்கத்தில் எலக்ட்ரீஷியன் யாராவது இருந்தால் 500 வோல்ட் மெக்கர் (உயர் வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) ஒன்று வாங்கிச் சூடான சோக்கில் அடித்துப் பாருங்கள், நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

ஹம் ஏன் ஏறுகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. 80 மில்லி ஆம்புக்குச் செய்த சோக்கில் 95 ஓடினால் கோர் சாச்சுரேட் ஆகத் தொடங்கும் (காந்தம் நிரம்பிவிடும்), ஹென்றி சரியும். முதல் 8 எம்எஃப்டியிலும் ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் அலை) கூடும். இரண்டு பக்கமும் அடி.

ஒரு சந்தேகம் தீர்த்துவிடுங்கள்: இரைச்சல் 100 ஹெர்ட்ஸா, 50-ஆ? போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் ஆப் இருக்கிறதே, அதை ஸ்பீக்கர் முன்னால் வையுங்கள். 50 என்றால் 5ஒய்3-இன் ஒரு பிளேட் பக்கம் வேலை செய்யவில்லை, அல்லது ஹீட்டர் லைன் சமாச்சாரம். அது வேறு கதை.

கண்டென்சரை ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் அடித்து வீரம் காட்ட வேண்டாம். 10 கே 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வயரில் கட்டி வைத்துக்கொண்டு அதனால் இறக்குங்கள்.

கோவை ரங்கா:

ஐயா, சொன்னபடியே செய்தேன். அணைத்த கையோடு அளந்தால் சோக் 402 ஓம்ஸ். உங்கள் கணக்கு மந்திரம் மாதிரி இருக்கிறது.

ரிசீவருக்குப் போகும் கம்பியில் சூடான பிறகு 59 மில்லி ஆம்ப். 16 எம்எஃப்டியைத் தூக்கினாலும் பெரிய மாற்றம் இல்லை. ஹம் 100 ஹெர்ட்ஸ்தான், மேலே 200-இலும் ஒரு கூர். மெக்கர் கிடைக்கவில்லை, எங்கள் லைன் எலக்ட்ரீஷியன் வெளியூர் போயிருக்கிறார்.

ஆக, சோக்தான் என்று முடிவு கட்டிவிடலாமா? மெக்கர் இல்லாமல் நிச்சயப்படுத்த வழி உண்டா? சீரியல் பல்பு சொன்ன ரெசிஸ்டர் யோசனை பற்றியும் உங்கள் கருத்து வேண்டும்.

மதுரை மெக்கானிக்:

வழி உண்டு. சோக்கின் போல்ட்டைக் கழற்றி, கோர் சேசிஸைத் தொடாதபடி ஒரு பேக்லைட் துண்டு அல்லது காய்ந்த மரக்கட்டை மேல் உட்காரவையுங்கள். வயர் இணைப்பு அப்படியே இருக்கட்டும். கோரிலிருந்து சேசிஸுக்கு ஒரு ஜீரோ வாட் பல்பைப் போடுங்கள். கோயில் சீரியலில் வருமே, இழை உள்ள அந்தப் பழைய பல்பு. பெயர்தான் ஜீரோ, தின்பது பதினைந்து வாட். செட்டை ஓட விடுங்கள். கசிவு இருந்தால் கால் மணியில் இழை மங்கலாகச் சிவக்கும். டிஜிட்டல் மீட்டரை மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். அதன் உள்தடை 10 மெகா ஓம், நல்ல சோக்கில்கூட ஈரக் கசிவுக்கு நூறு வோல்ட் காட்டிப் பயமுறுத்தும். பல்பு சுமை கொடுக்கும், அதனால் பொய் சொல்லாது.

அந்த நேரத்தில் கோரில் ஹெச்.டி. வோல்டேஜ் நிற்கலாம் என்பதை மறக்காதீர்கள். அது வெறும் இரும்பு மாதிரிதான் தெரியும். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது ஒரு கை பாக்கெட்டில் இருக்கட்டும்.

இன்னொரு சோதனையும் சொல்கிறேன், உங்கள் கேஸுக்குத் தேவைப்படாது, படிக்கிற மற்றவர்களுக்கு ஆகும். வைண்டிங்கின் சுற்றுகள் தங்களுக்குள் ஷார்ட் ஆனால் ஓம்ஸில் வித்தியாசமே தெரியாது. 350 இருந்த இடத்தில் 345 காட்டும், யார் கண்டது? ஆனால் சோக்கின் வேலை கெடும். லைன் டெஸ்டரைப் பிரித்தால் உள்ளே குட்டி நியான் விளக்கு இருக்கும். அதைச் சோக்கின் இரண்டு முனையிலும் கட்டிவிட்டு, அதே முனைகளில் 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டு எடுங்கள். எடுக்கிற அந்தக் கணத்தில் நியான் பளிச்சென்று மின்னினால் சோக்கில் உயிர் இருக்கிறது. நியான் எரிய அறுபது, எழுபது வோல்ட்டாவது வேண்டும், அதை அந்தச் சோக்கேதான் உதைத்துக் கொடுக்கிறது. நிறையச் சுற்றுகள் ஷார்ட் ஆகியிருந்தால் மங்கும், அல்லது மின்னாது. முனைகளை விரலால் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள், அந்த உதை உங்களுக்கு விழும்.

இப்போது ரெசிஸ்டர் விஷயம். சீரியல் பல்பு சொன்னது தப்பில்லை, மர்ஃபி செட்டுக்குத் தாராளமாகப் போடலாம். பிற்கால வீட்டு ரேடியோக்கள் பலவற்றில் கம்பெனியே ரெசிஸ்டர்தான் போட்டது. இங்கே கணக்கைப் பாருங்கள். 10 ஹென்றி சோக் 100 ஹெர்ட்ஸில் 6,280 ஓம். 16 எம்எஃப்டி அதே 100-இல் 100 ஓம். ரிப்பிள் அறுபதில் ஒரு பங்காக இறங்கும். 350 ஓம் ரெசிஸ்டரும் 220 எம்எஃப்டியும் போட்டால் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. காது வித்தியாசம் சொல்லாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரெசிஸ்டர் எல்லா அதிர்வெண்ணையும் ஒரே மாதிரிதான் தடுக்கும். சோக் 200, 300 ஹெர்ட்ஸில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தடுக்கும். ஹெட்ஃபோன் வைத்து மோர்ஸ் கேட்கிற ரிசீவரில் அந்தச் சின்னக் கரகரப்புதான் காதைத் தின்னும். யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தால் ரெசிஸ்டர் போதும்.

எதைப் போட்டாலும் ரெக்டிஃபையர் பக்கத்து முதல் கண்டென்சரை மட்டும் 20 எம்எஃப்டிக்கு மேல் ஏற்றாதீர்கள். "பெரிசு போட்டா நல்லது" என்று 100 வைத்து 5ஒய்3-யைச் சாகடித்த செட்டுகள் என் மேஜைக்கு நிறைய வந்திருக்கின்றன.

முத்துநகர்:

இந்த இழையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். தூத்துக்குடியில் 1930-களின் மேசை ரேடியோ ஒன்று வைத்திருக்கிறேன். அதில் சோக்கே இல்லை, ஸ்பீக்கரிலிருந்து கூடுதலாக இரண்டு கம்பி வந்து பவர் சப்ளையில் சேர்கிறது. அந்தக் கம்பிகளுக்கு இடையில் மீட்டர் ஓப்பன் காட்டுகிறது. செட்டில் சத்தமே இல்லை. சாதா ஸ்பீக்கரை மாட்டிவிடலாமா?

சீரியல் பல்பு:

மெக்கானிக் அண்ணன் கணக்கோடு வந்தால் நான் என்ன சொல்ல. சரி, 200 ஹெர்ட்ஸ் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். அப்போ ட்யூப் லைட் சோக்? வீட்டில் நாலைந்து சும்மா கிடக்கிறது.

மதுரை மெக்கானிக்:

முத்துநகர், உங்கள் செட்டில் ஸ்பீக்கரின் ஃபீல்டு காயில்தான் சோக். அப்போது நல்ல நிரந்தர காந்தம் மலிவாகக் கிடைக்கவில்லை. ஹெச்.டி. கரண்ட்டையே ஒரு காயில் வழியாக ஓடவிட்டு ஸ்பீக்கருக்குக் காந்தமும் ஆக்கிக்கொண்டார்கள், ஃபில்டரும் ஆக்கிக்கொண்டார்கள். அது அறுந்தால் ஹெச்.டி.யும் இல்லை, காந்தமும் இல்லை. சாதா ஸ்பீக்கர் மாட்டினால் அந்தக் காயிலின் ஓம்ஸை ரெசிஸ்டராகக் கொடுத்தே ஆக வேண்டும். பொதுவாக 1,000 முதல் 2,000 ஓம் வரை இருக்கும். 1,000 ஓமில் 70 மில்லி ஆம்ப் ஓடினால் 70 வோல்ட் விழும், ஐந்து வாட் சூடு, பத்து வாட் ரெசிஸ்டர் போடுங்கள். இதை விட்டுவிட்டு நேராகக் கொடுத்தால் அவுட்புட் வால்வு வறுபடும். அப்புறம், ஃபீல்டு காயில் நெகட்டிவ் பக்கம் இருந்தால் அதில் விழும் வோல்டேஜிலிருந்து அவுட்புட் வால்வுக்குக் கிரிட் பயாஸ் (கிரிட்டுக்கான நெகட்டிவ் வோல்டேஜ்) எடுத்திருக்கலாம், சர்க்யூட்டைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

அறுந்ததற்குக் காரணம் உங்கள் ஊர்க் காற்றுதான் என்று நினைக்கிறேன். மேல் காகிதத்தை மெதுவாகப் பிரித்தால் கம்பியில் பச்சைப் புள்ளி தெரியும். பாசிட்டிவில் நிற்கிற மெல்லிய செம்புக் கம்பி, பக்கத்தில் நெகட்டிவில் இரும்பு, நடுவில் உப்பு ஈரம். செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். அதிர்ஷ்டம் இருந்தால் அறுந்த இடம் வெளிச்சுற்றிலோ லீடு சால்டர் செய்த இடத்திலோ இருக்கும், சுரண்டி ஒட்டிவிடலாம்.

ட்யூப் லைட் சோக் நல்ல யோசனை. ஆனால் பழைய இரும்பு சோக், கனமாக இருக்குமே, அது. இப்போது வரும் எலக்ட்ரானிக் சோக் இதற்கு உதவாது. 40 வாட் ட்யூப் சோக் ஒரு ஹென்றிக்குச் சற்று மேலே வரும், ஓம்ஸ் முப்பது, நாற்பதுதான். கோரில் கேப் விட்டுச் செய்ததால் 70 மில்லி ஆம்ப் டிசி-க்கெல்லாம் அசையாது. ஹென்றி குறைவு என்பதால் பின்னால் 100 எம்எஃப்டி போடுங்கள், பழைய அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஓம்ஸ் குறைந்ததால் வோல்டேஜ் எகிறும், அதற்கு 300 ஓம் 5 வாட் ஒன்றைத் தொடரில் சேர்த்தால் 252-லேயே நிற்கும்.

ரங்கா தம்பி, அதை வைக்கும் இடத்தை மாற்றுங்கள். இதுதான் நான் சொல்ல வந்த முக்கிய விஷயம். டிரான்ஸ்ஃபார்மரின் சென்டர் டேப் (250-0-250-இன் நடு முனை) இப்போது நேராகச் சேசிஸுக்குப் போகிறது. அதை எடுத்துவிட்டு, சென்டர் டேப்புக்கும் சேசிஸுக்கும் நடுவில் சோக்கையும் ரெசிஸ்டரையும் வையுங்கள். 5ஒய்3-இலிருந்து வரும் பாசிட்டிவ் நேராக ரிசீவருக்குப் போகட்டும். ஃபில்டர் வேலை அதேதான். ஆனால் வைண்டிங்குக்கும் கோருக்கும் இடையில் 250 வோல்ட் நிற்காது, ரிப்பிளோடு சேர்த்து ஐம்பது, அறுபதுதான். நாளைக்கு அதுவும் கசிந்தால் ஹம் ஏறும், அவ்வளவே. புகை வராது.

முதல் 8 எம்எஃப்டியின் நெகட்டிவ் இப்போது சென்டர் டேப்புக்குப் போக வேண்டும், சேசிஸுக்கு இல்லை. அது அலுமினியக் கேன் கண்டென்சராக இருந்தால் கேனைச் சேசிஸிலிருந்து ஃபைபர் வாஷர் போட்டுப் பிரித்து, மேலே ஸ்லீவ் மாட்டுங்கள். இரண்டாவதின் நெகட்டிவ் வழக்கம்போல் சேசிஸில். டிரான்ஸ்ஃபார்மர் செகண்டரிக்கும் கோருக்கும் இடையிலான கெப்பாசிட்டன்ஸ் வழியாகக் கொஞ்சம் ரிப்பிள் சோக்கைச் சுற்றிக்கொண்டு போகும், அந்தக் குறை உண்டு. ரிசீவரில் அது தெரியாது.

கோவை ரங்கா:

ஜீரோ வாட் பல்பு சிவந்தது ஐயா! இருட்டறையில் தெளிவாகத் தெரிந்தது. வீட்டில் கூப்பிட்டுக் காட்டினேன், யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை.

ட்யூப் லைட் சோக்கை நெகட்டிவ் பக்கம் போட்டு, 300 ஓம், 100 எம்எஃப்டி சேர்த்தேன். ஹெச்.டி. 254-இல் நிற்கிறது. மாலை முழுக்க 7 மெகா ஹெர்ட்ஸில் ஓடியது, சோக் வெதுவெதுப்புக்கூட இல்லை. ஹெட்ஃபோனில் வால்யூமைக் குறைத்தால் மெல்லிய ஹம் உண்டு, சிக்னல் வந்தால் தெரியவில்லை.

ஆனால் அசல் சோக்கையே ரீவைண்ட் செய்து அதே இடத்தில் உட்காரவைக்க ஆசை. இங்கே ஒரு வைண்டிங் கடையில் கேட்டேன், டிரான்ஸ்ஃபார்மர் மாதிரியே சுற்றித் தருகிறேன் என்கிறார்.

மதுரை மெக்கானிக்:

"டிரான்ஸ்ஃபார்மர் மாதிரியே" என்று சொன்னார் இல்லையா, அங்கேதான் கவனம். கம்பியைச் சரியாகச் சுற்றிவிட்டு, ஸ்டாம்பிங்கை (கோரின் இரும்புத் தகடுகளை) டிரான்ஸ்ஃபார்மருக்குச் செருகுவது போல ஒன்று இப்படி ஒன்று அப்படி என்று மாற்றி மாற்றிச் செருகிவிடுவார்கள். அப்படிச் செய்தால் கேப் போய்விடும், கொஞ்சம் டிசி ஓடினாலே கோர் நிரம்பிவிடும். மேஜையில் மீட்டர் வைத்து அளந்தால் ஹென்றி அதிகமாகக்கூடக் காட்டும், செட்டில் போட்டால் ஹம். சோக்கில் "ஈ" வடிவ ஸ்டாம்பிங் எல்லாம் ஒரே பக்கம், "ஐ" எல்லாம் எதிர்ப்பக்கம், நடுவில் ஒரு காகிதம். நீங்கள் பிரிக்கும்போது அந்தக் காகிதம் கிடைக்கும். தூசி என்று ஊதிவிடாமல் அதன் கனத்தை அளந்து எழுதி வையுங்கள்.

பழைய கம்பியின் கேஜை மைக்ரோமீட்டரில் பாருங்கள், 34-லிருந்து 36-க்குள் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். மோட்டார் சுற்றுகிற கடையில் அவ்வளவு மெல்லிய கம்பியைத் தொடமாட்டார்கள், சின்ன டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுபவரைப் பாருங்கள். சுற்று எண்ணிக்கை தெரியாவிட்டால் கவலை இல்லை. அதே கேஜில் அதே பாபின் நிரம்பும் வரை சுற்றி 350 ஓம் வந்தால் கிட்டத்தட்ட அதுதான். கோருக்கும் முதல் அடுக்குக்கும் நடுவில் லெதராய்டு (கெட்டியான இன்சுலேஷன் காகிதம்) இரண்டு சுற்று, லீடுகளுக்கு எம்பயர் ஸ்லீவ் (வார்னிஷ் ஏற்றிய துணிக்குழாய்). வார்னிஷில் முக்குவதற்கு முன்னால் அடுப்பில் வைத்து ஈரம் போக உலர்த்தச் சொல்லுங்கள். நேராக முக்கினால் ஈரத்தையும் உள்ளேயே பூட்டிவைத்த மாதிரி ஆகும்.

திரும்பி வந்ததும் முதல் வேலை மெக்கர். அதற்குள் உங்கள் எலக்ட்ரீஷியன் ஊரிலிருந்து வந்திருப்பார். அப்புறமும் நெகட்டிவ் பக்கமே விட்டுவிடுங்கள், பழைய இடம் வேண்டாம்.